படிக்கப் போகும் நாட்டை முதலில் படியுங்கள்

(தோட்டப் பாடசாலைகளில் உயர்தரம் கற்கும் மாணவர்களும் அவர்களது பெற்றோர்களும் எமது நிதியத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவர்கள் முன் ஆற்றிய உரை இது. மலையகத்தில் பல வருடங்கள் கற்பித்த அவர் பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே தருகிறோம்.)



இராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு உங்கள் முகங்களில் தெரிகிறது. ஆகவே நீட்டி முழக்க மாட்டேன். ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டு வருசம் படிப்பித்தவள் நான். விடியற்காலையில் பிரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தத்தில் எழும்பிப் பழகினவள். உங்களோடு பேசுவது எனக்குச் சொந்தக்காரரோடு பேசுவது போலத்தான்.

இன்று காலை வட்டுக்கோட்டையில் நடந்து வரும்போது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், வெளிநாட்டுக்குப் படிக்கப் போறதுன்னா மொதல்ல என்ன செய்யணும்?" நான் வாய் திறக்க முன்னமே அவனுடைய அம்மா சொன்னார்: "காசு சேக்கணும், வேற என்னா?" எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் காசுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. போகிற நாட்டைப் போவதற்கு முன் அறிந்துகொள்வதுதான் அது. அதைச் செய்யாததால் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

1971 க்குப் பிறகு இந்த நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பு இடம் கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளை எடுத்தும், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் வெளியே நின்றார்கள். என் தம்பி அவர்களில் ஒருவன். 1977 இல் பட்டணத்தில் ஒரு தரகர் சொன்னார்: "லண்டனில் இஞ்சினியர் படிப்பு, மூன்று வருசம். பின்னேரத்தில் வேலை செய்து செலவைப் பார்த்துக்கொள்ளலாம்." அம்மா தன்னுடைய சீதனக் காணியை ஈடு வைத்தா. எனக்கென்று வைத்திருந்த சங்கிலியும் போனது.

லண்டனைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? குளிர் என்று தெரியும். ஆகவே ஒரு கம்பளிச் சட்டை வாங்கினோம். அவ்வளவுதான். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன் தலைப்பில் சிங்கம் போட்ட முத்திரை ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. "பிள்ளை, என்ன எழுதியிருக்கு, வாசி" என்றா. வீட்டில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஆள் நான்தான். அந்தக் கடிதத்தில் "பரீட்சைக்குத் தயார் செய்யும் வகுப்புகள்" என்றுதான் இருந்தது. நான் அதைப் "பட்டப் படிப்பு" என்று வாசித்துக் காட்டினேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தம்பி போய்ப் பார்த்தால், கல்லூரி என்பது ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. பட்டம் கொடுக்கிற இடம் அல்ல. பரீட்சை வைப்பது வேறொரு நிறுவனம், அதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாகக் காசு. ஒரு வருசத்துக்கென்று கொண்டு போனது நாலு மாதத்தில் முடிந்தது. பிறகு பெற்றோல் நிலையத்தில் இராத்திரி வேலை. அந்தக் காலத்தில் லண்டனில் எங்கள் பிள்ளைகள் பலர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வருகிற நீலக் கடிதத்தில் "நான் சுகம், படிப்பு நல்லாப் போகுது" என்றுதான் எழுதுவான். நாங்களும் திருப்பி எழுதும்போது "சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்தாயா" என்றுதான் கேட்டோம். அம்மா 1984 இல் மோசம் போனா. செத்த வீட்டுக்கு அவனால் வர முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக விடுவார்களோ என்ற பயம். இரவில் வேலை, பகலில் படிப்பு என்று கடைசியில் கணக்கியல் முடித்தான். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் மூன்று வருசம் என்று போனவன் பதினொரு வருசம் கழித்துத்தான் இந்தப் படலையைத் திறந்தான். அன்றைக்கு என்னிடம் சொன்னான்: "அக்கா, போக முன்னம் ஒரு ஆளிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தாக் காணும். அந்த இடம் பட்டம் குடுக்குமோ எண்டு. ஒரு முத்திரைச் செலவு."

அந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை. வாசிக்கத் தெரிந்த நானும் கேட்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இனி நல்ல கதை ஒன்று. காலையில் நீங்கள் பார்த்த யாழ்ப்பாணக் கல்லூரி வளவில்தான் 1823 இல் அமெரிக்க மிஷன்காரர் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். அங்கே படித்தவர் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பமானபோது அதன் முதல் பட்டதாரிகளாக வெளியே வந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் அதே செமினரியில் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குப் போனது எப்படி என்று பாருங்கள். முதலில் வேலைக்குத்தான் போனார். யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கு மாறிப் போன பேர்சிவல் பாதிரியார் அவரை அழைத்துத் 'தினவர்த்தமானி' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக வைத்தார். ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு ஊர் எப்படித் தெரியவரும்? என்ன விலை, என்ன சட்டம், எந்த அலுவலகத்தில் யார், எல்லாம் தெரியும். அப்படி அந்த ஊரையும் ஆட்களையும் அறிந்தபின்தான் பட்டத் தேர்வுக்கு உட்கார்ந்தார். பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். ஏட்டுச் சுவடியில் கிடந்த கலித்தொகையை 1887 இல் அச்சில் கொண்டு வந்தவரும் அவர்தான்.

உங்கள் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. மடுல்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் 1890 இல் பிறந்த பெரி சுந்தரம் கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பாரிஸ்டராகத் திரும்பி வந்தார். பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொடங்கிய தொழிலாளர் நலச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளருக்காக உழைத்தார். 1931 இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போய் நாட்டின் முதல் தொழில் அமைச்சரானார். ஆகவே "நம்ம புள்ளைங்களுக்கு இதெல்லாம் ஆகுமா" என்று எந்தத் தாயும் சொல்ல வேண்டாம். ஆகும். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

வெளிநாடு என்றவுடன் உங்களில் பலருக்கு முதலில் வருவது இந்தியா. அதை வெளிநாடு என்று சொல்லவே உங்களுக்கு மனம் வராது. பாட்டி சொன்ன ஊர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று இருக்கும். "நம்ம ஊரு தானே, பாஷை ஒண்ணு தானே" என்று நினைப்பீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

1964 ஒக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தார்கள். உங்கள் லயங்களிலிருந்து எத்தனை குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் படிப்பித்த வகுப்பிலிருந்தே வாங்குகள் காலியாகின. போனவர்கள் மனதில் இருந்தது பாட்டியின் ஊர். இறங்கிப் பார்த்தபோது இருந்தது வேறு ஊர். காணி இல்லை, தெரிந்த வேலை இல்லை. தொழில் தொடங்கக் கிடைத்த கடன் காசைத் தரகர்களிடம் பறிகொடுத்தவர்கள் பலர். சிலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். அவர்களுக்குப் போக வேண்டியிருந்தது, யோசிக்க நேரம் கொடுக்கப்படவில்லை. உங்கள் பிள்ளைக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆகவே இந்தியாவைப் பற்றிச் சில விசயம் சொல்கிறேன். அங்கே நீங்கள் வெளிநாட்டவர். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போனால், போய்ச் சேர்ந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். மாணவர் விசாவில் போய் வேலை செய்து சம்பாதிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஊரில் தமிழ் பேசினாலும், கல்லூரிகளில் அநேக பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மொழியில் உயர்தரம் எடுத்த பிள்ளைக்கு முதல் வருசம் கஷ்டமாக இருக்கும். "ஒரு லட்சம் கட்டணம்" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டு லட்சம் என்று கேளுங்கள். இந்திய ரூபா ஒன்றுக்கு எங்கள் ரூபா மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும்.

இந்திய அரசாங்கம் புலமைப்பரிசில்களும் தருகிறது. பட்டப் படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், மேற்படிப்புக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று, கணினித் துறைக்கு ராஜீவ் காந்தி பெயரில் ஒன்று. இவற்றில் மருத்துவப் படிப்பு அடங்காது. இவற்றுக்குத் தரகர் தேவையில்லை. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் துணைத் தூதரகம் இருக்கிறது. நேரே போய்க் கேளுங்கள். உயர்தரத்துக்கும் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் உதவுகிற தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தைப் பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

எந்த நாடாக இருந்தாலும் போக முன்னம் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போது சொல்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பட்டம் கொடுப்பது யார்? அந்தப் பட்டத்தை இங்கே ஏற்பார்களா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம். மருத்துவம் என்றால், அது இலங்கை மருத்துவச் சபை ஏற்ற பல்கலைக்கழகமா என்று முதலிலேயே பாருங்கள். முடித்து வந்தபின்னும் 'ஈ.ஆர்.பி.எம்.' என்ற பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே டாக்டராகப் பதியலாம். இது தெரியாமல் ஐந்தாறு வருசம் படித்து வந்து தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, முழுச் செலவு எவ்வளவு? முதல் வருசக் கட்டணத்தை மட்டும் சொல்லித்தான் ஆசை காட்டுவார்கள். கடைசி வருசம் வரைக்கும் கணக்குப் போடுங்கள். 2022 இல் நடந்ததை மறக்க வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் கட்டணம் இரண்டு மாதத்தில் ஒன்றே முக்கால் மடங்கானது. இங்கே உங்கள் சம்பளமோ அதே சம்பளம்.

மூன்றாவது, அங்கே வேலை செய்யச் சட்டம் விடுமா? இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. செலவுக்கான காசு 28 நாள் வங்கியில் இருந்ததையும் காட்ட வேண்டும். அந்தக் காசைத் தான் வட்டிக்குத் தருவதாகச் சொல்லுகிற தரகர் இருப்பார். அந்த வாசலை மிதிக்காதீர்கள். காட்டுவதற்கு மட்டும் வாங்கின காசு, அங்கே போய்ச் சாப்பிட உதவாது.

நாலாவது உங்களுக்கென்றே சொல்வது. பெயர். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். தோட்டத்தில் பதிந்தவர் தகப்பன் பெயரைத் தான் கேட்டபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். 'முத்துசாமி' ஒரு பத்திரத்தில் 'முத்து', இன்னொன்றில் 'சாமி'. எத்தனை பிள்ளைகளுக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! வெளிநாட்டு அலுவலகத்துக்கு அது இரண்டு ஆளாகத் தெரியும். திருத்துவதற்கு மாதக் கணக்கில் எடுக்கும். உயர்தரம் எழுதும் வருசத்திலேயே பிரதேச செயலகத்துக்குப் போய்த் தொடங்குங்கள். அதற்கு ஒரு நாள் பேர் போனால் போகட்டும்.

ஐந்தாவது, அங்கே இப்போது படிக்கிற ஒரு பிள்ளையோடு பேசினீர்களா? தரகரோடு அல்ல, படிக்கிற பிள்ளையோடு. என் தம்பியின் காலத்தில் கடிதம் போய் வர மூன்று கிழமை. இன்று உங்கள் கையில் போன் இருக்கிறது, முகத்தைப் பார்த்தே பேசலாம். நீலகிரியிலும் திருச்சியிலும் உங்கள் சித்தப்பா, மாமா பிள்ளைகள் இருக்கிறார்கள். அறை வாடகை என்ன, சாப்பாடு என்ன, காய்ச்சல் வந்தால் எங்கே போவது, பொம்பிளைப் பிள்ளைக்கு விடுதி எப்படி என்று கேளுங்கள். "நல்லா இருக்கியா" என்று மட்டும் கேட்டு போனை வைக்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும்.

இதெல்லாம் பெரிய வேலை என்று மலைக்க வேண்டாம். ஒரு இடத்தை அறிகிற பழக்கத்தை நீங்கள் இன்றைக்கே தொடங்கிவிட்டீர்கள். ஒரு தங்கச்சி காலையில் கேட்டாள்: "டீச்சர், இங்க எல்லாரும் 'கெதியா வா'ங்கிறாங்களே, அப்படின்னா என்னா?" நீங்கள் 'வெரசா' என்பதை நாங்கள் 'கெதியா' என்கிறோம். நீங்கள் பேசுகிறீர்கள், நாங்கள் கதைக்கிறோம். ஒரே தீவு, ஒரே தமிழ், ஆனாலும் கேட்டால்தான் விளங்குகிறது. பின்னால் இருக்கிற ஒரு அம்மா, "நம்ம தூள்தான், ஆனா தேத்தண்ணி ருசி வேற மாதிரி இருக்கே" என்றார். சரியாகப் பிடித்தார். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கிற கிணற்றுத் தண்ணீர்தான் எங்களுக்கு. நாளைக்கு உங்கள் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்தால், இந்த வெயில், இந்தத் தண்ணீர், இந்தப் பேச்சு எல்லாம் அவனுக்குப் புதிதாக இருக்காது. ஒரு பகலில் இவ்வளவு தெரிந்துகொண்டீர்கள். வெளிநாட்டுக்கும் இதே வழிதான். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், வித்தியாசத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, ஊருக்குப் போனதும் ஒரு கொப்பி வாங்குங்கள். போக விரும்பும் நாட்டின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுங்கள். தெரிந்ததை ஒரு பக்கத்திலும் தெரியாததை எதிர்ப் பக்கத்திலும் எழுதுங்கள். தெரியாத பக்கம் நிரம்பி வழிந்தால் வெட்கப்பட வேண்டாம். ஒவ்வொன்றாகக் கேட்டு அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கொப்பி ஓரளவு நிரம்பும் வரைக்கும் அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். விசாரித்துப் பார்த்தபின் "இந்த நாடு எனக்குச் சரிவராது" என்று முடிவு வந்தால், அதுவும் படிப்புத்தான்.

தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதை ஒரு ஆளிடம் மட்டும் வாசிக்கக் கொடுக்காதீர்கள். இரண்டு பேரிடம், தனித்தனியாகக் கொடுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்களா என்று பாருங்கள். பள்ளிக்கூட மாஸ்டரிடம் கேளுங்கள், நிதியத்து உத்தியோகத்தரிடம் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். படித்த நானே பிழையாக வாசித்தவள்.

எங்கள் காணி பிறகு மீளவில்லை. வட்டுக்கோட்டையிலிருந்து வரும் வழியில், பனை வடலி நிற்கிற ஒரு துண்டு நிலத்தைக் காட்டி "இது யாருடையது டீச்சர்" என்று ஒரு பிள்ளை கேட்டது. அப்போது பதில் சொல்லாமல் நடந்தேன். அது அம்மாவுடைய காணி. உங்களிடம் ஈடு வைக்கக் காணி இல்லை. சேமலாப நிதியும் காதுத் தோடும் சீட்டுக் காசும்தான் இருக்கிறது. அது ஒரு தரகரின் பேச்சில் போய்விடக் கூடாது. உங்கள் பிள்ளைகள் நன்றாக விசாரித்துப் போய், நன்றாகப் படித்து, நல்லபடி திரும்பி வரவேண்டும். வரும்போது இந்தப் பக்கமும் ஒருமுறை வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.